என் லாத்தாவுக்கு நான் வலீயாக நின்றது

எனக்கு அரபு எழுத்துகளை விரல் பிடித்துச் சொல்லிக் கொடுத்தவர் என் லாத்தா, என் அக்கா. என்னைவிட 12 வயது மூத்தவர். 'ஐன்' என்ற எழுத்தை நான் நுனிநாக்கில் உச்சரிக்கும் ஒவ்வொரு முறையும் தம் தொண்டையைத் தொட்டுக் காட்டி, "இங்கிருந்து வரவேண்டும்" என்பார். அந்த லாத்தாவின் இரண்டாவது நிக்காஹில் அவருக்கு வலீயாக, மணமுடித்து வைக்கும் பொறுப்பாளனாக, அமர்ந்தவன் நான். வாப்பா மவுத்தாகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வாப்பாவின் வாப்பா நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். எங்களுக்கு வேறு ஆண் உடன்பிறப்பும் இல்லை. ஆகவே 25 வயதில், என்னைத் தூக்கி வளர்த்த பெண்ணுக்கு நான் பொறுப்பாளனானேன். இது என்ன நியாயம் என்று அப்போது எனக்குள் எழுந்த கூச்சம் இன்னும் முழுதாக நீங்கவில்லை. அந்தக் கூச்சம்தான் என்னைக் கிதாபுகளைப் புரட்ட வைத்தது. மார்க்க அறிஞர்களான ஆலிம்களின் வாசலில் போய் நிற்கவும் வைத்தது. அப்போது அறிந்துகொண்டவற்றையும், அந்த நாள்களில் நடந்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல். குறிலாக 'வலி' என்று எழுதினால் தமிழில் நோவு என்று பொருளாகிவிடுகிறது. நிக்காஹ் மஜ்லிஸில் ஒலிபெருக்கியில் "பெண்ணின் வலி எங்கே?" என்று யாராவது கேட்கும்போது, பழக்கமில்லாதவர்கள் திடுக்கிடுவதைப் பார்த்திருக்கிறேன். அரபியில் அதன் வேர் நெருக்கத்தைக் குறிப்பது. அருகில் இருப்பவன், துணை நிற்பவன், பொறுப்பேற்பவன் என்று பொருள் விரிந்துகொண்டே போகும். இறைநேசர்களை வலீ, அவ்லியா என்று அழைப்பதும் இதே வேரிலிருந்துதான். எசமான் என்ற பொருளில்தான் பலரும் இந்தச் சொல்லை நடைமுறையில் புழங்குகிறார்கள் என்றாலும், அது பிறந்த இடம் அண்மை.

யார் வலீ என்பதில் எங்கள் வீட்டிலேயே ஒரு சிறு பூசல் வந்தது. வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, குடும்பத்தில் மூத்த ஆண்மகன். பொறுப்பு இயல்பாகத் தம்மிடமே வரும் என்று அவர் எண்ணியிருந்தார். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆனால் நாங்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், அதாவது சட்டப் பள்ளியில், வரிசை தெளிவானது. முதலில் தந்தை, பிறகு தந்தையின் தந்தை, பிறகு தாயும் தந்தையும் ஒன்றான சகோதரன், பிறகு தந்தைவழிச் சகோதரன், பிறகு அதே வரிசையில் சகோதரர்களின் மகன்கள், அதற்குப் பிறகே தந்தையின் சகோதரர்கள், அவர்களுடைய மகன்கள். தாய்மாமனுக்கு இந்த வரிசையில் இடமே இல்லை. நெருங்கியவர் இருக்கும்போது அடுத்தவர் முந்திக்கொண்டு நடத்தி வைத்தால் அந்த ஒப்பந்தமே செல்லாது என்பது ஷாஃபிஈ சட்டம். வயதில் மூத்தவர் என்பதோ, குடும்பத்தில் செல்வாக்கு மிக்கவர் என்பதோ இங்கே கணக்கில் வருவதில்லை. ஷாஃபிஈகளிடத்தில் மகன்கூட மகன் என்ற உறவால் தாய்க்கு வலீ ஆக முடியாது. மற்ற மூன்று மத்ஹபுகளிலும் மகனுக்கு இடம் உண்டு. சாச்சாவிடம் இதையெல்லாம் நான் எடுத்துச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். "சட்டம் அப்படியென்றால் சரி, ஆனால் சின்னப் பையன் நீ, மாப்பிள்ளையைப் பற்றி உனக்கு என்ன விசாரிக்கத் தெரியும்?" என்று கேட்டார். அது கோபத்தில் கேட்ட கேள்விதான். ஆனாலும் வலீயின் வேலை என்ன என்பதை எனக்கு முதலில் உணர்த்தியது அந்தக் கேள்வியே.

மாப்பிள்ளை வீட்டார் ஹனஃபி மத்ஹபினர். வயது வந்த, அதிலும் ஒருமுறை மணமாகி விலகிய ஒரு பெண்ணுக்கு வலீ யார் என்று நாங்கள் இத்தனை தூரம் ஆராய்வது அவர்களுக்கு வியப்பாக இருந்தது. அவர்களுடைய வியப்பிலும் நியாயம் உண்டு. இமாம் அபூஹனீஃபாவின் கருத்துப்படி, பருவமடைந்து தெளிந்த அறிவுள்ள ஒரு பெண் தன் நிக்காஹைத் தானே செய்துகொள்ளலாம். வலீ முன்னின்று நடத்துவது விரும்பத்தக்கது, ஆனால் ஒப்பந்தம் செல்லுபடியாக அது கட்டாயமில்லை. தனக்கு நிகரில்லாதவரை அவள் மணந்தாலோ, அவளைப் போன்ற பெண்களுக்கு வழக்கமான மஹரைவிட (மணமகன் மணமகளுக்குத் தரும் கொடை) குறைத்துக்கொண்டாலோ ஆட்சேபிக்கும் உரிமை மட்டும் வலீக்கு இருக்கிறது. ஷாஃபிஈ, மாலிகீ, ஹன்பலீ மூன்றிலுமோ வலீ இல்லாமல் நிக்காஹ் இல்லை. அபூஹனீஃபா மறைந்த அதே ஹிஜ்ரி 150ஆம் ஆண்டில்தான் ஷாஃபிஈ பிறந்தார். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்கியதுபோல இந்த விவாதம் இன்றுவரை நீள்கிறது.

இரு தரப்பும் குர்ஆனையே எடுத்துக் காட்டுகின்றன என்பதுதான் சுவையானது. "உங்களில் துணையற்றவர்களுக்கு மணமுடித்து வையுங்கள்" என்ற 24:32ஆம் வசனத்தில் கட்டளை பிறரை நோக்கி இருக்கிறது. எனவே மணமுடித்து வைப்பவர் ஒருவர் தேவை என்கிறது பெரும்பான்மைத் தரப்பு. "வேறொரு கணவனை அவள் மணக்கும்வரை" என்ற 2:230ஆம் வசனத்தில் வினைக்கு எழுவாய் பெண். எனவே மணப்பவள் அவளே என்கிறது ஹனஃபித் தரப்பு. நபிமொழியான ஹதீஸுக்கு வந்தால், "வலீ இன்றி நிக்காஹ் இல்லை" என்று அபூமூஸா அல்அஷ்அரீ வழியாக அபூதாவூத், திர்மிதீ, இப்னுமாஜா என்ற மூன்று ஹதீஸ் தொகுப்புகளிலும் வந்துள்ளது. வலீயின் அனுமதி இல்லாமல் ஒரு பெண் செய்துகொள்ளும் நிக்காஹ் செல்லாது என்று மூன்று முறை அழுத்திச் சொல்லும் ஹதீஸை நபியவர்களின் மனைவி ஆயிஷா நாயகி அறிவிக்கிறார்கள். அதே ஆயிஷா நாயகி, தம் சகோதரர் அப்துர்ரஹ்மான் ஷாம் நாட்டுக்குச் சென்றிருந்தபோது, அவருடைய மகள் ஹஃப்ஸாவை அல்முன்திர் இப்னு ஸுபைருக்கு மணமுடித்து வைத்ததாக இமாம் மாலிக்கின் முவத்தா என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. திரும்பி வந்த அப்துர்ரஹ்மான், "என்னைப் போன்ற ஒருவனுக்கா இப்படிச் செய்வது?" என்று வருந்தினார். முடிவு அவர் கையில்தான் என்று மாப்பிள்ளையே சொல்லிவிட்டார்; அப்துர்ரஹ்மானும், நீங்கள் முடித்துவிட்ட ஒன்றை நான் மாற்றமாட்டேன் என்று விட்டுவிட்டார். ஹதீஸை அறிவித்தவரின் செயலே அதற்கு மாறாக இருக்கிறதே என்று ஹனஃபிகள் இதை எடுத்து வைப்பார்கள். உள்ளபடி ஒப்பந்த வாசகத்தைச் சொன்னவர் வேறொரு ஆணாக இருக்கலாம் என்று மற்றவர்கள் பதில் சொல்வார்கள். ஒரு மத்ஹபில் நின்றுகொண்டு மற்றொன்றை இகழ்வதற்கு இங்கே இடமில்லை என்பதற்காகவே இவ்வளவையும் எழுதுகிறேன்.

இந்த விவாதத்தில் என்னை நீண்ட நேரம் நிறுத்தி வைத்தது மஃகில் இப்னு யஸார் என்ற நபித்தோழரின் நிகழ்வு. புகாரீயில் இருக்கிறது. மஃகில் தம் சகோதரியை ஒருவருக்கு மணமுடித்துக் கொடுத்தார். அவர் தலாக் சொல்லிவிட்டார். இத்தா என்னும் காத்திருப்புக் காலம் முடிந்த பிறகு அதே மனிதர் மீண்டும் பெண் கேட்டு வந்தார். "உனக்கு அவளைக் கொடுத்தேன், உன்னைக் கண்ணியப்படுத்தினேன், நீ அவளை விலக்கினாய், இப்போது மறுபடியும் வந்து நிற்கிறாயா? அல்லாஹ்வின் மீது ஆணையாக, அவள் ஒருபோதும் உன்னிடம் திரும்பமாட்டாள்" என்று மஃகில் சொல்லிவிட்டார். ஒரு சகோதரனாக அந்தச் சினம் எனக்கு நன்றாகப் புரிகிறது. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த மனிதர் மோசமானவர் அல்லர், சகோதரியும் அவரிடம் திரும்பிப் போக விரும்பினார் என்று மஃகிலே அறிவிக்கிறார். அப்போது இறங்கியதுதான் 2:232: அவர்கள் முறைப்படி ஒருவருக்கொருவர் மனமொப்பினால், அப்பெண்கள் தம் கணவர்களை மணப்பதைத் தடுக்காதீர்கள். மஃகில், "இதோ, செய்கிறேன் அல்லாஹ்வின் தூதரே" என்று தம் சகோதரியை அவருக்கே மணமுடித்து வைத்தார்.

வலீயின் அதிகாரத்துக்கு இதைவிடத் தெளிவான வசனம் இல்லை என்பது இமாம் ஷாஃபிஈயின் வாதம். தடுக்கும் வல்லமை ஒருவனுக்கு இருந்தால்தானே தடுக்காதே என்று சொல்ல முடியும்? வாதம் கூர்மையானதுதான். ஆனால் சகோதரனாக அதைப் படிக்கும் எனக்கு வேறொன்று தெரிகிறது. வலீக்கு அதிகாரம் உண்டு என்று நிறுவும் வசனம், அந்த அதிகாரத்தை அவன் அவளுக்கு எதிராகப் பயன்படுத்திய நேரத்தில், அவனைக் கண்டித்து இறங்கியிருக்கிறது.

இந்தத் தடுத்தலுக்குச் சட்டத்தில் 'அள்ல்' என்று பெயர். வயது வந்த பெண் தனக்கு நிகரான ஒருவரைச் சுட்டிக்காட்டி மணமுடித்து வைக்கும்படி கேட்டும், தகுந்த காரணமில்லாமல் வலீ மறுத்தால் அது அள்ல். மஹர் குறைவு என்பதைக் காரணமாகக் காட்டி ஷாஃபிஈ வலீ மறுக்க முடியாது. மஹர் அவளுடையது, குறைத்துக்கொள்வதும் அவள் உரிமை. மறுப்பு உறுதியானால் மார்க்க நீதிபதியான காழி அவளுக்கு மணமுடித்து வைப்பார். "வலீ இல்லாதவருக்கு ஆட்சியாளரே வலீ" என்று மேலே சொன்ன ஆயிஷா நாயகியின் ஹதீஸின் கடைசிப் பகுதி இருக்கிறதே, அதுதான் இதற்கு அடிப்படை. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் 'வலீ ஹாகிம்' (ஆட்சியின் சார்பில் நிற்கும் வலீ) என்று தனியே ஓர் ஏற்பாடே இருப்பது இதனால்தான். இஸ்லாத்தைத் தழுவிய, முஸ்லிம் உறவினர் எவரும் இல்லாத பெண்களுக்கும் இதே வழிதான். உம்மு ஹபீபா நாயகியின் நிக்காஹ் நடந்தபோது அவருடைய தந்தை அபூஸுஃப்யான் இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. நபியவர்களுக்கு அவரை மணமுடித்து வைத்தவர் அபிசீனிய மன்னர் நஜாஷீ என்று அபூதாவூதில் இருக்கிறது. காழியிடம் போக இன்று பல பெண்கள் தயங்குகிறார்கள். குடும்பத்தை எதிர்த்துப் போவதாக ஊர் பேசும் என்ற அச்சம்தான் காரணம். மார்க்கம் திறந்து வைத்த வாசலை வெட்கத்தால் அடைத்து வைத்திருக்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி, என் லாத்தாவின் முதல் நிக்காஹைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவருக்கு 23 வயது, எனக்கு 11. வாப்பா இரண்டு சாட்சிகளுடன் அறைக்குள் வந்தார். அறை முழுக்கப் பெண்கள். நான் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். வாப்பா மாப்பிள்ளையின் பெயரையும் மஹரையும் சொல்லிவிட்டு, "சம்மதம்தானேம்மா?" என்றார். லாத்தா குனிந்தபடியே இருந்தார். அவருடைய புறங்கையில் மருதாணியின் மேல் ஒரு சொட்டு விழுந்ததை நான் பார்த்தேன். அந்த உயரத்தில் நின்றதால் எனக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்கும். "மௌனம் சம்மதம்" என்று மூத்த பெண் ஒருவர் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். வாப்பா வெளியே போய்விட்டார்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம் மொழியின் பழைய வழக்கு. ஹதீஸிலும் ஏறக்குறைய அதுவே இருப்பதால் இரண்டும் ஒன்றென்று நாம் எடுத்துக்கொண்டோம். புகாரீ, முஸ்லிம் என்ற இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் அபூஹுரைரா அறிவிக்கும் ஹதீஸைச் சற்று நிறுத்திப் படித்தால் வேறுபாடு தெரியும். முன்பே மணமான பெண்ணை அவளிடம் கலந்து உத்தரவு பெறாமல் மணமுடிக்கக் கூடாது. கன்னியை அவளிடம் அனுமதி கேட்காமல் மணமுடிக்கக் கூடாது என்கிறார்கள் நபியவர்கள். அவள் அனுமதியை எப்படி அறிவது என்று தோழர்கள் கேட்கிறார்கள். அவள் மௌனமாக இருப்பது என்று பதில் வருகிறது. அதாவது, முதலில் கேள்வி இருக்கிறது. வெட்கத்தால் வாய் திறக்க முடியாத பெண்ணுக்காகச் செய்த சலுகை அது. அவளிடம் கேட்காமலிருக்க ஆண்களுக்குக் கொடுத்த சலுகை அல்ல. ஃபிக்ஹு எனும் மார்க்கச் சட்ட நூல்கள் அந்த மௌனத்தையும் விடாமல் ஆராய்ந்திருக்கின்றன. ஓசையின்றி வழியும் கண்ணீர் பிறந்த வீட்டைப் பிரியும் துயரமாக இருக்கலாம், வாய்விட்டு அலறினால் அது மறுப்பு என்றும், அவள் சிரித்தால் சம்மதம் ஆனால் கேலிச் சிரிப்பு சம்மதமாகாது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சிலர் அமர்ந்து ஒரு பெண்ணின் அழுகையில் எத்தனை வகை உண்டு என்று யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஒருபுறம் வியப்பாகவும் மறுபுறம் வேதனையாகவும் இருந்தது. அவளிடமே இன்னொரு முறை கேட்டிருந்தால் இத்தனை ஆராய்ச்சிக்கு வேலை இருந்திருக்காது.

வாப்பாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஷாஃபிஈ சட்டப்படி கன்னிப் பெண்ணுக்குத் தந்தையும் தந்தையின் தந்தையும் 'வலீ முஜ்பிர்', அதாவது அவள் சம்மதமின்றியும் மணமுடித்து வைக்கும் அதிகாரம் உள்ள வலீ. அவளிடம் கேட்பது அவர்களுக்குச் சுன்னத்து மட்டுமே, கட்டாயமில்லை. அதற்கும் நிபந்தனைகள் இட்டிருக்கிறார்கள்: தந்தைக்கும் மகளுக்கும் வெளிப்படையான பகை இருக்கக் கூடாது, மாப்பிள்ளை நிகரானவராகவும் மஹர் கொடுக்கச் சக்தி உள்ளவராகவும் இருக்க வேண்டும். ஹனஃபிகளிடம் பருவமடைந்த பெண்ணின் மீது இந்த அதிகாரம் எவருக்கும் கிடையாது. ஹிஜ்ரி 728இல் மறைந்த இப்னு தைமிய்யா, ஹன்பலீ மத்ஹபைச் சேர்ந்தவராக இருந்தும், பருவமடைந்த கன்னியை அவள் விருப்பத்துக்கு மாறாகத் தந்தைகூட மணமுடித்து வைக்க முடியாது என்று உறுதியாக எழுதினார். அவளுடைய பொருளில் ஒரு சிறு பகுதியைக்கூட அவள் அனுமதியின்றி விற்க முடியாத தந்தை, அவளையே எப்படி அவள் வெறுக்கும் ஒருவரிடம் ஒப்படைக்க முடியும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். என் மத்ஹபைவிட்டு நான் விலகவில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என் மனம் அவர் பக்கம் நிற்கிறது.

நபியவர்களின் காலத்துப் பெண்கள் இதைச் சும்மா விட்டுவிடவில்லை. கன்ஸா பின்த் கிதாம் என்ற அன்சாரிப் பெண், முன்பே மணமானவர். தமக்கு விருப்பமில்லாத ஒருவருக்குத் தந்தை மணமுடித்து வைத்ததும் நேரே நபியவர்களிடம் போனார், அந்த நிக்காஹ் ரத்தானது. அது புகாரீயில் இருக்கிறது. நஸாஈ தொகுப்பில் வரும் இன்னொரு பெண்ணின் கதை எனக்கு அதைவிடப் பிடிக்கும். என் தந்தை, தம் சகோதரனின் மகனுடைய தாழ்ந்த நிலையை உயர்த்துவதற்காக என்னை அவனுக்கு மணமுடித்துவிட்டார், எனக்கு விருப்பமில்லை என்று அவள் முறையிடுகிறாள். நபியவர்கள் தந்தையை வரவழைத்து, முடிவை அவள் கையில் ஒப்படைக்கிறார்கள். உடனே அவள், தந்தை செய்ததை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன், இதில் பெண்களுக்கு ஏதாவது உரிமை உண்டா என்று தெரிந்துகொள்ளவே வந்தேன் என்கிறாள். இந்த ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி அறிஞர்களிடையே பேச்சு உண்டு. இருந்தாலும் அந்தப் பெண்ணின் குரல் காதைவிட்டுப் போவதில்லை.

லாத்தாவின் முதல் மணம் ஐந்து ஆண்டுகளில் குல்உவில், அதாவது மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கில், முடிந்தது. யார் மீது தவறு என்பது இங்கே தேவையில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒருநாள் நானே கேட்டேன்: அன்றைக்கு அழுதீர்களே, பிடிக்கவில்லையா? அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். "பிடித்தது, பிடிக்கவில்லை என்றெல்லாம் எனக்கே தெரியவில்லை தம்பி. வாப்பா 'சம்மதம்தானே' என்று கேட்டார். அதில் 'தானே' இருந்ததே, அதற்கு நான் என்ன பதில் சொல்வது?" என்றார். மடித்த துணியை மறுபடியும் பிரித்து மடித்தார்.

இரண்டாவது முறை சட்டம் வேறு. அவர் இப்போது தையிப், அதாவது முன்பே மணமானவர். தந்தையே உயிரோடு இருந்தாலும் லாத்தா வாய்திறந்து சொல்லாமல் நிக்காஹ் இல்லை. சகோதரனுக்கோ கன்னியைக்கூட நிர்ப்பந்திக்கும் அதிகாரம் எக்காலத்திலும் கிடையாது. "கணவனில்லாத பெண், தன் விஷயத்தில் தன் வலீயைவிட அதிக உரிமை உடையவள்" என்று முஸ்லிமில் வரும் ஹதீஸ் இந்த இடத்துக்கு உரியது. ஆக, வரிசையில் என் பெயர் முதலாவதாக இருந்தாலும், அவர் சொன்ன ஒருவருக்கு, அவர் சொன்ன மஹருக்கு, அவர் சொன்னபடி வாசகத்தைச் சொல்வதுதான் என் வேலை. அதைப் புரிந்துகொண்ட பிறகுதான் என் கூச்சம் ஓரளவு குறைந்தது. 2004ஆம் ஆண்டின் மொராக்கோ குடும்பச் சட்டம் இதை ஒரு படி மேலே கொண்டுபோய், வலீ என்பதே வயது வந்த பெண்ணின் உரிமை, அவள் தானே ஒப்பந்தம் செய்யலாம் அல்லது தந்தையிடமோ உறவினர் ஒருவரிடமோ ஒப்படைக்கலாம் என்று எழுதியிருக்கிறது. மாலிகீ மத்ஹப் வேரூன்றிய நாடு அது என்பதால் அந்த மாற்றம் சிறியதல்ல.

அப்படியானால் வலீ வெறும் வாயா? சாச்சாவின் கேள்வி இங்கேதான் வருகிறது. மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கத் தெரிய வேண்டும். லாத்தா நேரில் போய்க் கேட்க முடியாத இடங்களில் நான் போய்க் கேட்டேன். அவருடைய முதல் மனைவி நோயுற்று இறந்திருந்தார். அந்த நோய்க்காலத்தில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை அந்த மனைவியின் சகோதரரிடமே கேட்டறிந்தேன். கடன் உண்டா, கோபம் வந்தால் கை நீளுமா, தொழுகை எப்படி, சொன்ன நேரத்துக்கு வருவாரா என்றெல்லாம் கேட்டேன். சாச்சாவையும் கூடவே அழைத்துப் போனேன். மனிதர்களை எடைபோடுவதில் அவருக்கு இருந்த பழக்கம் எனக்கு இல்லை, வலீயாக அமரும் உரிமை எனக்கு இருந்தாலும். கேட்டவற்றை, நல்லதும் கெட்டதுமாக, ஒன்றும் விடாமல் லாத்தாவிடம் சொன்னேன். ஒரு விஷயத்தை மட்டும் மென்மையாக்கிச் சொல்லலாமா என்று தோன்றியது. அப்படிச் செய்தால் நான் அவருக்காக முடிவெடுத்தவனாகிவிடுவேன் என்று நிறுத்திக்கொண்டேன். அது என்னவென்று இங்கே எழுதமாட்டேன். லாத்தா அதைக் கேட்டுவிட்டு, "இதோடு என்னால் இருக்க முடியும்" என்றார்.

மஹரில் அவர் பிடிவாதமாக இருந்தார். தொகையைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. முழுதும் அப்போதே கைக்கு வரவேண்டும், பின்னால் தருவதாக எழுதக் கூடாது என்றார். முதல் நிக்காஹில் பின்னால் தருவதாக எழுதிய மஹர் எழுத்தோடு நின்றுபோனது. இன்னொன்று, தாம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பதை நிறுத்தச் சொல்லக் கூடாது என்பது. நிக்காஹின்போது இடும் இத்தகைய நிபந்தனை கணவனைக் கட்டுப்படுத்தும் என்கிறது ஹன்பலீ மத்ஹப்; எங்கள் மத்ஹபில் நிக்காஹ் செல்லும், ஆனால் அந்த நிபந்தனைக்குச் சட்ட வலு இல்லை. "நிறைவேற்றப்படத் தகுந்த நிபந்தனைகளில் முதன்மையானவை, எவற்றைக் கொண்டு மணவுறவை ஹலாலாக்கிக் கொண்டீர்களோ அவையே" என்ற பொருளில் புகாரீயில் வரும் ஹதீஸை மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொண்டார். அதைத் தாளில் எழுதி இருவரிடமும் கையொப்பம் வாங்கினேன். இதெல்லாம் தேவையா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு.

நிக்காஹ் நாளன்று பொறுப்பை ஆலிமிடம் ஒப்படைத்துவிடு, அவர் உன் சார்பில் சொல்லிவிடுவார் என்றார்கள். வலீ இன்னொருவரை வக்கீலாக, அதாவது தம் பிரதிநிதியாக, நியமிப்பது முற்றிலும் கூடும். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. நானே சொல்வேன் என்றேன். அரபியிலேயே சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் ஷாஃபிஈகளின் வலுவான கருத்துப்படி இல்லை. பொருள் விளங்கும் எந்த மொழியிலும் சொல்லலாம். நான் இரண்டிலும் சொல்லிப் பழகினேன். பழகும்போது ஒன்று உறுத்தியது. தமிழில் 'மணமுடித்துக் கொடுத்தேன்' என்கிறோம்; பெண் கொடுப்பது, பெண் எடுப்பது என்று கொடுக்கல் வாங்கல் கணக்காகவே பேசுகிறோம். அரபியின் 'ஸவ்வஜ்துக' என்ற சொல்லில் கொடுத்தல் இல்லை. 'ஸவ்ஜ்' என்றால் இணை, சோடி. அந்தச் சொல் சொல்வது இணைத்து வைத்தலை. கொடுத்தேன் என்ற சொல்லை விட்டுவிட்டு, 'மணமுடித்து வைத்தேன்' என்று சொல்லலாமா என்று ஆலிமிடம் கேட்டேன். தாராளமாக என்றார்.

அதற்கு முன் லாத்தாவிடம் கேட்க வேண்டியிருந்தது. அன்றுபோலக் கூட்டமாக வேண்டாம் என்று உம்மாவிடம் சொல்லிவைத்திருந்தேன். அறையில் உம்மாவும், இரண்டு சாட்சிகளும், நானும் மட்டும். வாப்பா நின்ற அதே வாசல். நான் மாப்பிள்ளையின் பெயரைத் தந்தை பெயரோடு முழுதாகச் சொன்னேன், மஹரைச் சொன்னேன், முழுத் தொகையும் வந்துவிட்டது, உம்மாவிடம் இருக்கிறது என்றேன். "லாத்தா, உங்களை இவருக்கு நிக்காஹ் செய்து வைக்க எனக்கு நீங்கள் அனுமதி தருகிறீர்களா, இல்லையா?" என்று கேட்டேன். 'இல்லையா' என்ற சொல்லைக் கேட்டதும் சாட்சிகளில் ஒருவர் முகத்தைச் சுளித்தார், அபசகுனம்போல. லாத்தா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உடனே பதில் சொல்லவில்லை. அந்தச் சில நொடிகளில், இவர் மறுத்துவிட்டால் வெளியே அமர்ந்திருக்கும் இத்தனை பேரிடம் நான் போய்ச் சொல்ல வேண்டுமே என்ற நினைப்பு வந்தது. அதைச் சொல்லத் தயாராகத்தான் நின்றிருந்தேன். "அனுமதி தருகிறேன்" என்றார் லாத்தா. பிறகு, சாட்சிகளுக்குக் கேட்டிருக்காதோ என்று நினைத்தவர்போல, இன்னும் சற்று உரக்க அதையே சொன்னார்.

மஜ்லிஸில் குத்பா உரை முடிந்தது. மாப்பிள்ளையின் கையை என் கையில் வைத்தார்கள். அது ஷர்த்து (நிபந்தனை) அல்ல, வழக்கம். அவருடைய உள்ளங்கை ஈரமாக இருந்தது, என்னுடையதும்தான். வாசகத்தை முதலில் அரபியிலும் பிறகு தமிழிலும் சொன்னேன். அவர் உடனே கபூல், அதாவது ஏற்றேன் என்று, சொன்னார். அவ்வளவுதான், மூச்சு விடும் நேரத்தில் முடிந்துவிட்டது. சாச்சா எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். ஒன்றும் பேசவில்லை.

பதிவேட்டில் கையெழுத்து வாங்க உள்ளே போனேன். லாத்தா பேனாவை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போடாமல், "அங்கே என்ன சொன்னாய்? எனக்கும் ஒருமுறை சொல்" என்றார். நின்றபடியே முழுதும் சொன்னேன், அரபியிலும் தமிழிலும். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "இந்த 'ஸே' இன்னும் உனக்கு வரவில்லை பார், அது பற்களுக்கு நடுவிலிருந்து ரீங்காரமாக வரவேண்டும்" என்று தம் பல்லைத் தொட்டுக் காட்டினார். நான் இன்னொரு முறை சொன்னேன். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டார்.